கடைசியாகச் சேர்ந்தவர் மதிப்பெண்: 158

ஜனவரி 8

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்க்கச் சொல்லி அப்பா எழுதச் சொன்னார்.

நீங்கள் அனுப்பிய உங்கள் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கையேடு வந்துவிட்டது. மருந்துக்கடையில் ஆள் வராத மதிய நேரத்தில் உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, கதைப் புத்தகமா?" என்றார். "ஆமா சார், என் கதைதான்" என்றேன்.

போன வருடம் நான் அடித்த கூத்து உங்களுக்குத் தெரியும். எந்தத் துறையில் எத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்கிறது என்று பார்க்காமலே மருத்துவம், பல் மருத்துவம் என்று எழுதி அனுப்பினேன். இருநூறுக்கு நூற்று அறுபத்து மூன்று வாங்கிவிட்டு மருத்துவமாம்! படிவத்தைப் பிரித்தவர்கள் சிரித்திருப்பார்கள். நீங்களே பிரித்தீர்களா என்று இன்றுவரை கேட்கத் துணிவு வரவில்லை. இந்த மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். இந்த முறையும் கோட்டைவிட்டால் அவ்வளவுதான், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டே கிழவியாகிவிடுவேன். அதனால் இந்தத் தடவை ஆசையைப் பேசவிடாமல் எண்களை மட்டும் கேட்கப் போகிறேன்.

ஆனால் ஆசையும் ஒன்று இருக்கிறது அத்தை. பேச்சுச் சிகிச்சைப் படிப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மிஞ்சியது "சரி" என்ற ஒரே சொல். பசிக்குதா என்றால் சரி. வலிக்குதா என்றால் சரி. போன வாரம் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது, அப்போதும் "சரி, சரி" என்றுதான் அலறினாள். மருத்துவமனையிலிருந்து ஒரு பயிற்சியாளர் ஆறு நாள் வந்தார். ஆறாம் நாள் அம்மா "தண்" வரைக்கும் சொன்னாள். பிறகு அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பேச்சுச் சிகிச்சைக்கு எதிரே இப்படி இருக்கிறது: விண்ணப்பித்தோர் 412, அழைக்கப்பட்டோர் 57, சேர்ந்தோர் 24, கடைசியாகச் சேர்ந்தவர் மதிப்பெண் 158. அப்படியென்றால் நான் ஐந்து மதிப்பெண் மேலே இருக்கிறேனா? இதை எப்படிப் படிக்க வேண்டும் என்று விளக்கி எழுதுங்கள்.

உங்கள் பொடிசு

*

ஜனவரி 19

என் பொடிசுக்கு அத்தையின் ஆசிகள்.

முழங்கால் போட்ட இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதை விட்டுப் பிரியாமல் இருக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல். அண்ணனிடம், தைலம் தீர்ந்தே போச்சு என்று சொல்.

போன வருடப் படிவத்தை நான்தான் பிரித்தேன். சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டேன்.

நீ படிக்கிற அந்த அட்டவணை அத்தை கைப்பட அமைத்தது, தெரியுமா? இந்த வருடம் அச்சகத்தை மாற்றிவிட்டார்கள். புது அச்சகத்தில் தாள் சின்னது, பழைய அட்டவணை உள்ளே நுழைய மாட்டேன் என்றது. எங்கள் பிரிவு அலுவலர் (எதையும் படிக்காமல் முத்திரை குத்துவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை), "ஒரு கட்டத்தைக் குறைங்க, எப்படியாவது அடக்குங்க" என்றார். நானும் இழுத்துப் பிடித்து, சேர்த்து, சுருக்கி, கைப்பைக்குள் போகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியராக இருக்கிறவளுக்குப் பாராட்டு என்பதே அபூர்வம். என்னை நிரந்தரமாக்கும் ஃபைலும் இந்த வருடம்தான் மேசையை விட்டு எழுந்திருக்கிறது.

இனி உன் சந்தேகம். அழைத்தவர்கள் எல்லாரும் வந்து சேர மாட்டார்கள். அதிக மதிப்பெண்காரர்கள் வேறு படிப்புக்குப் பறந்துவிடுவார்கள். அதனால்தான் இருபத்து நாலு இடத்துக்கு ஐம்பத்தேழு பேரை அழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நீ பார்க்க வேண்டியது விண்ணப்பித்தோர் எண்ணை அல்ல. அது சும்மா பயமுறுத்தும் பூச்சாண்டி. கடைசிக் கட்டத்தைப் பார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. படிவத்தில் விருப்பத்துக்கு இரண்டே கட்டம். ஒரு துறையை முதல் கட்டத்தில் எழுதியவர்களை வைத்து இடங்களை நிரப்பிய பிறகுதான், அதை இரண்டாம் கட்டத்தில் எழுதியவர்களைத் திரும்பிப் பார்ப்போம். பெரும்பாலும் அதற்குள் இடம் காலி. அதனால் முதல் கட்டம்தான் உன் உயிர், இரண்டாவது கட்டம் அலங்காரம்.

அத்தை

*

பிப்ரவரி 2

அன்புள்ள அத்தைக்கு,

அனைவரும் நலம். உங்கள் தைலப் பொய்யை அப்பா நம்பவில்லை.

மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் உட்பக்கத்தில் கணக்குப் போட்டுப் போட்டு, கடையில் காலிப் பெட்டியே இல்லாமல் செய்துவிட்டேன். எப்படிப் பார்த்தாலும் எனக்கு எட்டுகிற படிப்பு இரண்டுதான். பேச்சுச் சிகிச்சையில் கடைசி மதிப்பெண் 158, எனக்கு ஐந்து கூடுதல். மருந்தியலில் அறுபது இடம், கடைசி மதிப்பெண் 155, எனக்கு எட்டு கூடுதல்.

கடை முதலாளி, "மருந்தியலை முதல்ல போடும்மா. ஆசைக்கு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல உள்ள போயிடு" என்கிறார். அப்பா வண்டி ஓட்டுகிறவர் இல்லையா, அவருக்கு எல்லாமே இடைவெளிதான். "முன்னால போற வண்டிக்கு எவ்வளவு விடணும்னு தெரிஞ்சாதான் தப்பிக்கலாம். அஞ்சு போதுமா, எட்டு வேணுமான்னு உன் அத்தையையே கேளு. அவளுக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும்?" என்கிறார்.

எனக்கு மருந்தியல் கிடைத்தாலும் சந்தோஷம்தான் அத்தை. எதுவும் கிடைக்காமல் போவதுதான் பயம். ஐந்து போதுமா?

பொடிசு

*

பிப்ரவரி 11

அருமைப் பொடிசுக்கு,

இங்கே குளிர் குறையவில்லை, ஆனால் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

ஐந்து போதுமா என்று கேட்டிருக்கிறாய். பத்து வருடமாக இந்த எண்களைத் தட்டச்சு செய்து என் விரலெல்லாம் தேய்ந்துபோச்சு. கடைசி மதிப்பெண் வருடத்துக்கு ஒன்று ஏறும், இரண்டு இறங்கும். ஐந்து ஏறி இந்தக் கண்ணால் நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேச்சுச் சிகிச்சையை முதல் கட்டத்தில் எழுது. கடை முதலாளிக்கு, மருந்து விற்கிறவனுக்கு மருந்தியல்தான் உலகம். அவர் பேச்சைக் கேட்டால் வாழ்நாள் முழுக்க அவர் கடையிலேயே இருப்பாய்.

அண்ணி இரண்டாவது வார்த்தை பேசுவதை நான் கேட்க வேண்டும். அதை நீதான் பேசவைக்க வேண்டும். வேறு யாரும் வரப்போவதில்லை.

அத்தை

*

பிப்ரவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல்.

அனுப்பிவிட்டேன்! முதல் விருப்பம் பேச்சுச் சிகிச்சை, இரண்டாவது மருந்தியல். மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலப் படிவங்களும் உறைக்குள். தபால் நிலையத்தில் பசை காய்கிற வரைக்கும் உறையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர், "கல்யாணப் பொண்ணை அனுப்புற மாதிரி அனுப்புறியே, சீக்கிரம் போடும்மா" என்றார். வரிசையே சிரித்தது.

இப்போதே பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். காலையில் கண்ணாடியை அம்மா முன்னால் வைத்து, வாயைத் திறந்து "தண்" என்று காட்டுகிறேன். அம்மா என் வாயையே பார்க்கிறாள். சிரிக்கிறாள். பிறகு "சரி" என்கிறாள். பரவாயில்லை, நாலு வருடம் படித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன்.

என் உறை உங்கள் மேசைக்கு வந்ததும் ஒரு தட்டுத் தட்டிக்கொடுங்கள்.

பொடிசு

*

மார்ச் 9

பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையும் வந்தது. எனக்கு நாலைந்து நாளாக வயிறு சரியில்லை, வேறொன்றுமில்லை. அண்ணன் நீண்ட தூரம் வண்டி எடுக்கிறாரா? கண்ணைப் பரிசோதிக்கச் சொல்.

இங்கே பெரிய விசேஷம் இல்லை. பிரிவில் தலைக்கு மேல் வேலை. என் ஃபைல் கையெழுத்துக்குப் போயிருக்கிறதாம்.

கடை முதலாளி இன்னும் மருந்தியல், மருந்தியல் என்றுதான் சொல்கிறாரா? அவரும் அனுபவஸ்தர்தான். மருந்தியல் நல்ல படிப்பு, மரியாதையான வேலை. விருப்பத்தை மாற்ற நினைப்பவர்கள் திருத்தப் படிவம் அனுப்பலாம், மார்ச் 25 வரை அவகாசம் உண்டு. சும்மா நினைவூட்டினேன்.

கீழே நாலு வரியை அடித்திருக்கிறேன். படிக்க முயலாதே, கை தவறி எழுதியது.

அத்தை

*

மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வயிறு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம். அவசரமாக எழுதுகிறேன்.

அடித்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. மன்னியுங்கள், உங்கள் அண்ணன் மகளாயிற்றே, சும்மா இருப்பேனா?

நேற்று ஒரு பெண் மருந்து வாங்க வந்தாள், உங்கள் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாளாம். அவளிடம் போன வருடக் கையேடு இருந்தது, இரவல் வாங்கினேன். அதில் கடைசி மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இல்லை அத்தை, இரண்டு கட்டம். பேச்சுச் சிகிச்சைக்கு நேராக, பொது: 175. ஊழியர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு, ஒரு இடம்: 157. மருந்தியலில் ஒதுக்கீடே இல்லை, ஒரே எண்தான், 154.

பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நம் கையேட்டில் இருக்கிற 158 எந்தக் கட்டத்து எண்? அது அந்த ஒற்றை இடத்துப் பிள்ளையின் மதிப்பெண் என்றால் எனக்கு ஐந்து கூடுதல் இல்லை, பன்னிரண்டு, பதிமூன்று குறைவு. முதல் கட்டத்தையும் இழந்து இரண்டாவதையும் இழந்துவிடுவேன்.

திருத்தப் படிவம் வாங்கி நிரப்பி வைத்திருக்கிறேன். மருந்தியல் முதலில். நீங்கள் நீளமாக எழுத வேண்டாம். "மாற்று" அல்லது "மாற்றாதே", ஒரே வார்த்தை போதும். விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வரும்வரை படிவம் என் கைப்பையிலேயே இருக்கும்.

பொடிசு

*

மார்ச் 19

பொடிசுக்கு,

நலம். பழைய கையேட்டை வைத்துக்கொண்டு இந்த வருடத்தைக் கணக்குப் போட்டுக் குழம்பாதே. அட்டவணை முறை மாறிவிட்டது. மாற்றாதே.

அண்ணிக்கு என் அன்பு.

அத்தை

*

ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா, அம்மா நலம். நீங்கள் நலமா? இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நானும் எழுதவில்லை, முடிவு வரட்டும் என்று இருந்தேன்.

முடிவு வந்துவிட்டது. உங்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும். பேச்சுச் சிகிச்சைக்குப் பொது இடங்களில் கடைசியாக அழைக்கப்பட்டவர் மதிப்பெண் 174. மருந்தியலில் அறுபது இடமும் முதல் விருப்பக்காரர்களாலேயே நிரம்பிவிட்டது, கடைசி மதிப்பெண் 156. அதை முதலில் எழுதியிருந்தால் ஏழு மதிப்பெண் மிச்சம் வைத்து உள்ளே போயிருப்பேன். இந்தக் கணக்குக்கு மருந்துப் பெட்டி தேவைப்படவில்லை, மனதிலேயே வந்துவிட்டது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்குக் கிடைக்கலம்மா" என்றேன். "சரி" என்றாள். என் கன்னத்தைத் தடவிக்கொண்டே இன்னொரு முறை "சரி" என்றாள். எனக்கு அழுகையே அப்போதுதான் வந்தது.

கடை முதலாளி மறுநாள் என்னை மாலை நேரத்துக்கும் சேர்த்து இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். அப்பாதான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "உன் அத்தைக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். "தெரியாமத்தான் எழுதினாங்கப்பா. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாங்களா? கட்டத்தைக் குறைக்கச் சொன்னது அந்த அலுவலர், அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தானே, அத்தை?

பொடிசு

*

ஜூன் 27

என் பொடிசுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன். இருபத்து நாலு நாள் ஆகிவிட்டது. இன்று எழுதாவிட்டால் என்றைக்குமே எழுத மாட்டேன்.

அப்படி இல்லை.

பிப்ரவரி வரை எழுதிய கடிதங்களைத் தெரியாமல்தான் எழுதினேன். இரண்டு கட்டத்தை ஒன்றாக்கச் சொன்னபோது, 'கடைசி மதிப்பெண் என்றால் இரண்டில் எது குறைவோ அதுதானே' என்று ஒதுக்கீட்டின் 158-ஐ வைத்துக்கொண்டு பொதுவின் 176-ஐ நீக்கிவிட்டேன். உனக்குப் புத்தி சொன்னபோது அந்த எண்ணுக்குப் பின்னால் ஒற்றைப் பிள்ளை இருந்தது ஞாபகமே வரவில்லை. அத்தனை வருடம் தட்டச்சு செய்து, ஒரு எண்ணையும் படிக்கவே இல்லை நான். முத்திரையைக் கேலி செய்தேனே, எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மார்ச் 6-ம் தேதி ஒரு பள்ளி ஆசிரியர் பழைய கையேட்டையும் புதியதையும் கொண்டுவந்து மேசையில் போட்டார். "இதைப் பாத்துட்டு எங்க பிள்ளைங்க தப்பா போட்டிருக்காங்க" என்றார். அலுவலர் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். "அட்டவணை போட்டது யாரு? நீங்க. விசாரணைன்னு வந்தா முதல்ல போறது உங்க ஃபைல். உங்க அண்ணன் பொண்ணும் அந்தத் துறைக்குத்தானே போட்டிருக்கா? அவகிட்டேர்ந்து திருத்தப் படிவம் வந்துச்சுன்னா, யாரு சொல்லி வந்துச்சுன்னு நான் யோசிக்கவே வேண்டாம்" என்றார். நீ விண்ணப்பித்திருப்பதை அலுவலகம் முழுக்கத் தமுக்கடித்தவள் நானேதான்.

அன்றிலிருந்து 25-ம் தேதிவரை பத்தொன்பது நாள் இருந்தது. நீயாகவே கடை முதலாளி பேச்சைக் கேட்டு மாற்றிவிட மாட்டாயா என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். உண்மையை எழுதிய நாலு வரியை அதில் அடித்துவிட்டேன். பிறகு உன் கேள்வி வந்தது. ஒரே வார்த்தை கேட்டிருந்தாய். "மாற்று" என்றுதான் எழுதினேன் பொடிசு. சத்தியமாக எழுதினேன். உறையில் போட்டுத் தபால்பெட்டி வரைக்கும் போனேன். அங்கே நின்றுகொண்டு, இந்த வயதில் இன்னொரு இடத்தில் வேலைக்கு மனுப் போடுவதை நினைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து அதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். இந்த வருடம் மதிப்பெண் சரிந்துவிடும், உனக்குக் கிடைத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியாது என்று எனக்குத் தெரியாதா?

பயந்துவிட்டேன். வேறு காரணமே இல்லை. வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மே 20-ம் தேதி நிரந்தர ஆணை வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் அதை வாங்கும்போது 'தேர்வாகாதவை' என்ற காகிதக் கட்டில் மேலிருந்து மூன்றாவதாக உன் விண்ணப்பம் இருந்தது.

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டு. மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் சான்றிதழ்கள் எல்லாம் என் மேசையில்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் விடுப்புப் போட்டுக்கொண்டு நானே கொண்டுவந்து தருகிறேன். உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். வா என்று ஒரு வரி எழுது.

அத்தை

*

ஜூலை 15

அனுப்புநர்: விண்ணப்ப எண் 2207

பெறுநர்: சேர்க்கைப் பிரிவு

பொருள்: மூலச் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இந்த ஆண்டுச் சேர்க்கையில் நான் தேர்வாகவில்லை என்ற அறிவிப்பு கிடைத்தது. விண்ணப்பத்துடன் நான் இணைத்த மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் படிவங்கள் தங்கள் பிரிவில் உள்ளன.

மதிப்பெண் சான்றிதழின் செல்லுபடிக் காலம் சென்ற மாதத்தோடு முடிந்துவிட்டது. இனி அதை எங்கும் காட்ட முடியாது. இருந்தாலும் அது என்னுடையது என்பதால் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை இத்துடன் இணைத்துள்ளேன். சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் மட்டும் அனுப்பவும். உறவினர் எவர் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
விண்ணப்ப எண் 2207